பாக்கெட் பாலும் ஒருபடித்தான கலவையும்

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக் கொடுத்த மறுநாள், ஒரு பையன் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து, நாலாக மடித்து வைத்திருந்த காலிப் பால் பாக்கெட் ஒன்றை எடுத்து என் மேசைமேல் விரித்தான். நன்றாகக் கழுவித் துடைத்திருந்தான். கத்தரித்த மூலை மட்டும் உள்பக்கமாகச் சுருண்டிருந்தது. அதில் பொடி எழுத்தில் இருந்த ஓர் ஆங்கிலச் சொல்லின் கீழே நீலப் பேனாவால் கோடு போட்டிருந்தான். "சார், ஹோமோஜினைஸ்டுன்னு போட்டிருக்குதுங்க. டிக்‌ஷனரில பாத்தேன். ஹோமோஜீனியஸ்னா ஒருபடித்தானதாமா. அப்ப பால் ஒருபடித்தான கலவைதானுங்களே? எனக்கு ஏனுங்க மார்க் போடல?"

கேள்வி ஒரு மதிப்பெண் கேள்விதான். ஒருபடித்தான கலவை, அதாவது எங்கே எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கும் கலவை, எது என்று கேட்டு, பால், உப்புக் கரைசல், சேற்று நீர், எண்ணெயும் நீரும் என்று நான்கு விடைகள் கொடுத்திருந்தோம். விடைக்குறிப்பின்படி உப்புக் கரைசல். அவன் பால் என்று வட்டமிட்டிருந்தான், நான் சிவப்பு மையில் சுழித்திருந்தேன். பதினெட்டு வருஷமாக வேதியியல் நடத்துகிறவன் நான். பால் ஏன் ஒருபடித்தானது இல்லை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அது ஒரு கூழ்மம், அதிலும் பால்மம் என்ற வகை, நீரில் கொழுப்புத் துளிகள் கரையாமல் மிதந்துகொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். அதையே அவனிடமும் சொன்னேன். தலையை ஆட்டினான், பாக்கெட்டைப் பழையபடி மடித்துக்கொண்டு போனான். அவன் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. அவன் கேட்டது பாலைப் பற்றி இல்லை, அந்தச் சொல்லைப் பற்றி. பாக்கெட்டில் அச்சடித்தவர்கள் பொய் சொல்லவில்லை, பாடப்புத்தகமும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் ஒரே சொல் ஓரிடத்தில் ஆமென்றும் இன்னோரிடத்தில் இல்லையென்றும் எப்படிச் சொல்கிறது? அவனுக்கு நான் இதற்குப் பதில் சொல்லவில்லை. உண்மையில் எனக்கே அன்றைக்குப் பதில் தெரியாது.

அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. அதனால்தான் அது அவ்வளவு சுலபத்தில் என்னை விடவில்லை.

ஜீனஸ், ஜீனியஸ்

பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் தமிழ்வழி. வேதியியலில் ஒருபடித்தான கலவை என்று படித்தேன். கணக்கில் சமபடித்தான சமன்பாடுகள் என்று படித்தேன். இரண்டும் எனக்கு இரண்டு வேறு சொற்கள், இரண்டு வேறு பாடங்கள். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்தில், வேதியியல் வகுப்பிலும் கணக்கு வகுப்பிலும் ஒரே ஆங்கிலச் சொல் வந்து நின்றது. இயற்பியலிலும் வந்தது. அது ஒரே சொல்தான் என்றே எனக்குச் சில வாரங்கள் பிடிபடவில்லை. ஒருநாள் விரிவுரையாளர் கேட்ட கேள்விக்கு எழுந்து பதில் சொன்னபோது அதை "ஹோமோஜீனஸ்" என்று உச்சரித்தேன். "ஜீனஸ் இல்லப்பா, ஜீனியஸ்" என்றார். வகுப்பு மொத்தமும் சிரித்தது. பதில் சரியாகத்தான் இருந்தது, ஆனால் பதிலை யாரும் கவனிக்கவில்லை. மூன்று வருஷம் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லாமலேயே கல்லூரியைக் கடந்தேன். தமிழ்வழியில் படித்துவிட்டுப் போன பலருக்கும் இப்படி ஒரு சொல் இருக்கும். அது என்ன சொல் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள்.

கணக்கில் அந்தச் சொல் எனக்கு இன்னும் பெரிய புதிராக இருந்தது. வலப்பக்கம் பூஜ்ஜியமாக உள்ள நேரியச் சமன்பாடுகளின் தொகுப்புக்கு அந்தப் பெயர். மூன்று எக்ஸ், கூட்டல் இரண்டு ஒய், சமம் பூஜ்ஜியம் என்றால் சமபடித்தானது. வலப்பக்கத்தில் பூஜ்ஜியத்துக்குப் பதில் 5 வந்துவிட்டால் அசமபடித்தானது. பூஜ்ஜியத்துக்கும் ஒரே மாதிரி இருப்பதற்கும் என்ன சம்பந்தம்? யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வலப்பக்கம் பூஜ்ஜியம் என்றால் அந்தப் பெயர் என்று மனப்பாடம் செய்து தேர்வு எழுதினேன், தேர்ச்சியும் பெற்றேன்.

பையன் பாக்கெட்டைக் கொண்டுவந்த அன்று இரவு, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இந்த முறை தமிழ்ச் சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தேன். சம-படித்தான. கணக்கில் படி என்றால் என்ன? பல்லுறுப்புக் கோவையின் படி என்று ஒன்பதாம் வகுப்பிலேயே வருகிறது. எக்ஸ் ஸ்கொயர் என்றால் படி 2. எக்ஸ், ஒய் இரண்டும் பெருக்கி வந்தாலும் படி 2. வெறும் எக்ஸ் என்றால் படி 1. வெறும் எண் என்றால் படி 0. மூன்று எக்ஸ், இரண்டு ஒய் என்று எடுத்தால் எல்லா உறுப்புக்கும் படி 1, சமமான படி. பக்கத்தில் ஒரு 5 வந்து நின்றால் அதன் படி 0, கூட்டத்தோடு சேராது. பூஜ்ஜியம் வந்து நின்றால் சேராத உறுப்பு எதுவும் இல்லை என்று அர்த்தம். பூஜ்ஜியத்தின் வேலை அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷமாக எனக்குத் தெரியாமல் இருந்த ஒன்றைத் தமிழ்ச் சொல் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதை ஆக்கிய கணக்காசிரியர்கள் யாரோ தெரியாது, அவர்களுக்கு மானசீகமாக ஒரு கும்பிடு போட்டேன்.

வேதியியலின் ஒருபடித்தான என்பதில் வரும் படி வேறு. அது அப்படி, இப்படி, எப்படி என்பதில் வரும் படி. விதம், தன்மை என்ற பொருள். பாத்திரத்தின் எந்த மூலையில் கரண்டியை விட்டு எடுத்தாலும் ஒரே படியாக இருப்பது ஒருபடித்தானது. கணக்கின் படி அளவைச் சொல்கிறது, வேதியியலின் படி தன்மையைச் சொல்கிறது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு மூடியிருக்கிறது. தமிழில் ஒரே படியை வைத்துக்கொண்டு இரண்டு சொல் செய்திருக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லுக்கு ஈடான தமிழ்ச் சொல் துறைக்குத் துறை மாறுகிறதே, ஒரே சொல்லாக வைக்கக்கூடாதா என்று ஆசிரியர் அறையில் பல முறை பேசியிருக்கிறோம், நானும் அப்படித்தான் பேசினேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். பையனின் குழப்பமே, ஒரு சொல் இரண்டு வேலை பார்ப்பதால் வந்த குழப்பம்தான்.

திரைச்சீலை போட்ட ஆய்வகம்

ஜனவரியில் ஒரு வாரம், ஏ செக்‌ஷனுக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தார். அவருடைய பாடவேளையும் என்னுடையதும் ஒரே நேரத்தில் விழுந்ததால், ஏ செக்‌ஷனையும் என் டி செக்‌ஷனையும் சேர்த்து ஆய்வகத்தில் உட்கார வைக்கச் சொன்னார்கள். எங்கள் பள்ளியில் ஏ என்றால் எட்டாம் வகுப்பு முழுஆண்டுத் தேர்வில் மேல் வரிசையில் வந்தவர்கள். டி என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. பாக்கெட் கொண்டுவந்த பையன் டி.

சரி, இந்தப் பால் விஷயத்தை இன்றைக்கு முடித்துவிடுவோம் என்று நினைத்தேன். இரண்டு கண்ணாடி பீக்கரில் வடிகட்டிய தண்ணீர். ஒன்றில் இரண்டு கரண்டி உப்பு. இன்னொன்றில் பாக்கெட் பால் நான்கைந்து சொட்டு. இரண்டும் கிட்டத்தட்டத் தெளிவாகத்தான் தெரிந்தன, இரண்டாவதில் மட்டும் ஒரு மெல்லிய மங்கல். ஜன்னல்களைச் சாத்தி, திரைச்சீலை இல்லாத ஜன்னலுக்குத் தனிம வரிசை அட்டவணையை மாட்டினோம். திருவிழாக் கடையில் விற்கும் சின்ன லேசர் லைட்டை உப்புத் தண்ணீர் பீக்கரின் பக்கவாட்டில் பிடித்தேன். அந்தப் பக்கச் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது, தண்ணீருக்குள் ஒன்றும் தெரியவில்லை. பால் சொட்டு விட்ட பீக்கருக்கு மாற்றினேன். தண்ணீருக்குள் ஒரு சிவப்புக் கோடு, கம்பி இழுத்துக் கட்டியது போல, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நின்றது. அறுபது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் "ஓ" என்றார்கள். இது டிண்டால் விளைவு, புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது, எல்லாரும் படித்ததுதான். ஆனால் படத்தைப் பார்த்து யாரும் "ஓ" என்று சொன்னதில்லை.

உப்பு கரைந்தால் தனித்தனி அயனிகளாகிவிடும், ஒளியை வழிமறிக்கிற அளவுக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. பாலில் கொழுப்புத் துளிகளும் புரதத் திரள்களும் இருக்கின்றன, அவை ஒளியைச் சிதறடிக்கின்றன, கோடு தெரிகிறது. இதைச் சொல்லிவிட்டு, பையனைக் கூப்பிட்டு லேசரை அவன் கையில் கொடுத்தேன். அவன் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தான். எங்கே பிடித்தாலும் கோடு ஒரே மாதிரிதான் இருந்தது. "எல்லா எடத்துலயும் ஒரே மாதிரிதானுங்க சார் இருக்குது" என்றான். அவன் விடவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது.

டி செக்‌ஷன் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். அவர்கள் வீட்டில் இரண்டு மாடு, அம்மா காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். "கறந்த பால் அப்படி இருக்காதுங்க சார். தூக்குப்போசியில வச்சா கொஞ்ச நேரத்துல ஏடு மேல வந்துரும். அதான் சொசைட்டில சாம்பிள் எடுக்கறதுக்கு முன்னால அம்மா நல்லாக் கலக்கச் சொல்லும். கலக்காம அடியில இருந்து எடுத்தா ஃபேட் கம்மியாக் காட்டும், காசு போயிரும். முதல்ல பீச்சற பால் தண்ணியா இருக்கும், கடைசியா ஒட்டக் கறக்கறதுதான் கெட்டி." வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒரே மடி, ஒரே வேளை, ஒரே கறவை, அதிலேயே முதல் பாலும் கடைசிப் பாலும் வேறு என்பது பால்வளத் துறையில் இருப்பவர்கள் அனைவருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் ஒருபடித்தானது எது என்ற கேள்விக்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டதில்லை. கலக்காமல் எடுத்தால் காசு போய்விடும் என்றால், அது ஒருபடித்தானது இல்லை.

அப்படியானால் பாக்கெட் பாலில் என்ன நடக்கிறது? இதைத்தான் எனக்கும் அவர்களுக்கும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கறந்த பாலின் கொழுப்புத் துளிகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு, அதாவது சராசரியாக 4 மைக்ரான் விட்டம் இருக்கும். கொழுப்பு தண்ணீரைவிட லேசானது, அதனால் மெல்ல மேலே ஏறி ஏடு கட்டும். பிரான்ஸில் ஆகஸ்ட் கோலான் என்பவர் 1899-ல் காப்புரிமை பெற்ற எந்திரம், பாலைப் பெரும் அழுத்தத்தில் மயிரிழைத் துவாரங்கள் வழியாகத் தள்ளுகிறது. துளிகள் உடைந்து ஒரு மைக்ரானுக்கும் கீழே வந்துவிடுகின்றன. ஒரு பேச்சுக்கு விட்டம் எட்டில் ஒரு பங்காகிறது என்று வைத்துக்கொள்வோம் என்றேன். ஏ செக்‌ஷனின் முன்வரிசையில் இருந்து ஒரு குரல் உடனே வந்தது: "அப்ப ஒரு துளி 512 துளி ஆகும் சார், எட்டு இன்ட்டு எட்டு இன்ட்டு எட்டு." சரியாகச் சொன்னான். அதோடு 1851-ல் ஸ்டோக்ஸ் கண்டுசொன்ன விதிப்படி, ஒரு சிறு துளி திரவத்தில் மிதந்தேறும் வேகம் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். விட்டம் எட்டில் ஒன்றானால் வேகம் 64-ல் ஒன்று. பாக்கெட் பால் ஏடு கட்டாமல் இருப்பதற்குக் காரணம் கொழுப்பு கரைந்துவிட்டது என்பதில்லை. மேலே வந்து சேர அதற்கு நேரம் போதவில்லை.

பையன் லேசரை அணைத்துவிட்டு, "அப்ப ஹோமோஜினைஸ்னா ஒண்ணாக்கறது இல்லீங்களா சார். ரொம்பப் பொடியாக்கி எல்லா எடத்துக்கும் பரப்பி வுட்டர்றது" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாம கண்ணால பாத்தா ஒருபடித்தானது. லைட் பாத்தா பலபடித்தானது" என்றான்.

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எங்கள் விடைக்குறிப்பில் ஒரு சொல் விடுபட்டிருந்தது. எந்த அளவில் பார்த்தால்? நாங்கள் கேட்ட கேள்வியில் அது இல்லை. அந்த அளவைச் சொல்லாமல் ஒரு பொருளை ஒருபடித்தானது என்று சொல்வது பாதிக் கேள்விதான். பிரபஞ்சமே ஒருபடித்தானது என்று வானியலாளர்கள் சொல்கிறார்கள். சூரியனும் பூமியும் இடையில் வெற்றிடமுமாக இருக்கிற பிரபஞ்சம் எப்படி ஒருபடித்தானது ஆகும்? சுமார் 30 கோடி ஒளியாண்டுக்கு மேற்பட்ட அகலத்தை ஒரு கரண்டியாக வைத்து மொண்டு பார்த்தால் எங்கே மொண்டாலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் அதன் பொருள். கரண்டி எவ்வளவு பெரியது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

செந்தாமரையும் செஞ்ஞாயிறும்

அதற்கப்புறம் அந்த ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். கிரேக்கத்தில் ஹோமோஸ் என்றால் அதே, ஒரே. கெனோஸ் என்றால் இனம், குலம், பிறப்பு. கெனோஸுக்கும் சமஸ்கிருதத்தின் ஜன என்ற சொல்லுக்கும் வேர் ஒன்று, பிறப்பது என்பதே அந்த வேரின் பொருள். அந்த ஜனம்தான் எங்கள் ஊர்ப் பேச்சில் சனம். "அவங்க எங்க சனம்" என்று கிழவிகள் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதைத்தான் அந்தச் சொல்லும் சொல்கிறது. கல்லூரியில் என்னைக் கூனிக்குறுக வைத்த சொல்லுக்குள் எங்கள் ஆத்தா பேசிய சனம் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தபோது, உண்மையாகவே கண் கலங்கியது.

ஆனால் அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது பழங்காலக் கிரேக்கக் கணித மேதை யூக்ளிட். அவருடைய எலிமெண்ட்ஸ் நூலின் ஐந்தாம் புத்தகத்தில் விகிதத்துக்கு இலக்கணம் சொல்லும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது. விகிதம் என்பது ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு அளவுகளுக்கு இடையே அளவு சார்ந்து இருக்கும் உறவு என்கிறார். கோட்டைக் கோட்டோடு ஒப்பிடலாம், பரப்பைப் பரப்போடு ஒப்பிடலாம், கோட்டைப் பரப்போடு ஒப்பிடக்கூடாது. பல நூற்றாண்டு கழித்து 1591-ல் பிரான்சுவா வியெட் இயற்கணிதத்தை எழுத்துகளால் எழுதத் தொடங்கியபோதும் இதையே முதல் விதியாக வைத்தார். கன அளவோடு பரப்பைக் கூட்டக்கூடாது, கூட்ட வேண்டுமானால் பரப்பை ஒரு நீளத்தால் பெருக்கி இனமாக்கிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பின் சமபடித்தான சமன்பாடு இந்த வழியில்தான் வந்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 3 சென்டிமீட்டர் கோடும் 7 சென்டிமீட்டர் கோடும் ஒரே இனம், ஆனால் ஒன்றுபோல இல்லை. ஒன்றுபோல இல்லாததால்தான் அவற்றுக்கு இடையில் விகிதம் என்று ஒன்றைக் கேட்கவே தோன்றுகிறது. யூக்ளிட் கையில் அந்தச் சொல் ஒப்பிடுவதற்கான அனுமதி. நம் கைக்கு வந்து சேர்வதற்குள் அது வேறுபாடே இல்லாததற்குப் பெயராகிவிட்டது.

தமிழில் இதை இன்னும் அழகாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தமிழாசிரியர் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே விளக்கியது இது. செந்தாமரை என்கிறோம், ஏன்? வெண்தாமரை என்று ஒன்று இருப்பதால். செம்மை என்ற அடை, தாமரை இனத்துக்குள் இதைப் பிரித்துக் காட்டுகிறது. அது இனமுள்ள அடை. செஞ்ஞாயிறு என்கிறோம், கருஞாயிறு என்று ஒன்று இருக்கிறதா? இல்லை. அங்கே செம்மை எதையும் பிரிக்கவில்லை, இருப்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான். அது இனமில்லா அடை. "இனச்சுட்டு இல்லாப் பண்புகொள் பெயர்க்கொடை வழக்காறு அல்ல செய்யுள் ஆறே" என்பது தொல்காப்பியம். பேச்சு வழக்கில் ஓர் அடையைச் சேர்த்தால் இனத்தைச் சுட்ட வேண்டும், இனமில்லா அடைக்குச் செய்யுளில்தான் இடம். பின்னால் வந்த நன்னூல் இரண்டு வழக்கிலும் அதை ஏற்றுக்கொண்டது. அப்படியானால் இனம் என்று ஒன்று இருக்க வேண்டுமானால் அதற்குள் குறைந்தது இரண்டு வேறு வேறானவை இருக்க வேண்டும். ஒரே மாதிரியான ஆயிரம் தாமரை மட்டும் உலகத்தில் இருந்தால் செந்தாமரை என்ற சொல் பிறந்தே இருக்காது. வேதியியல் ஆசிரியனாகிய எனக்கு இதைக் கேட்டபோது அந்த ஆய்வக வகுப்புத்தான் ஞாபகத்துக்கு வந்தது.

ஏ, பி, சி, டி

பி.எட். படித்தபோது கல்வி உளவியலிலும் இதே சொல்லைச் சந்தித்திருந்தேன். ஒருபடித்தான குழு. மதிப்பெண் அடிப்படையில் ஒரே தரத்துப் பிள்ளைகளை ஒரு வகுப்பில் போடுவது. தேர்வில் நன்மை தீமை எழுதச் சொல்வார்கள், இரண்டு பக்கத்துக்கும் ஐந்தைந்து எழுதிவிட்டு வருவோம். அப்புறம் வேலைக்கு வந்து பார்த்தால், நான் பார்த்த பள்ளிகளில் ஒன்றிரண்டைத் தவிர மற்றவற்றில் ஏதோ ஒரு வடிவத்தில் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. ஏ செக்‌ஷனுக்கு முதல் மாடி, மின்விசிறி நன்றாகச் சுற்றும் அறை. டி செக்‌ஷன் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம். டி-யில் இருப்பவர்களை மெல்லக் கற்போர் என்போம், பெயரில் மரியாதை இருக்கும். அடுத்த வருஷமாவது இரண்டையும் கலந்து பார்க்கலாமே என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டேன். மூத்த ஆசிரியர் ஒருவர், நல்ல மனிதர், உள்ளபடியே அக்கறையோடுதான் சொன்னார்: "சிற்றினம் சேராமைன்னு வள்ளுவரே ஒரு அதிகாரம் வச்சிருக்காருங்களே சார்."

எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. இன்றைக்கும் அது முழுசாக ஆறவில்லை. வள்ளுவர் சொல்லும் இனம் ஒருவன் தானாகத் தேடிச் சேர்கிற கூட்டம். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கணக்கு மார்க்கைப் பார்த்து நாம் பிரித்து உட்கார வைக்கிற கூட்டத்துக்கு அந்தப் பத்துக் குறளையும் காவல் வைக்கக்கூடாது. அந்த டி செக்‌ஷனுக்குள் யார் யார் இருந்தார்கள்? பால் பாக்கெட்டில் பொடி எழுத்தைப் படித்துவிட்டு டிக்‌ஷனரியைத் தேடிப் போனவன் இருந்தான். கொழுப்பு எப்படி மேலே வருகிறது என்பதைச் சொசைட்டித் திண்ணையில் கற்றுக்கொண்டவள் இருந்தாள். ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் திணறினாலும் மோட்டாரைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவன் ஒருவன், அப்பா குடியை விட்டதிலிருந்து திடீரென்று முப்பது மார்க் ஏறியவள் ஒருத்தி. மதிப்பெண் பட்டியல் என்ற கரண்டியால் மொண்டு பார்த்தால் இவர்கள் எல்லாரும் ஒருபடித்தானவர்கள். நானே அப்படித்தான் மொண்டு பார்த்திருந்தேன். அந்தப் பெண்ணை அதற்கு முன்னால் ஆறு மாதத்தில் ஒரு முறைகூட நான் எழுப்பிக் கேள்வி கேட்டதில்லை. எழுப்பினால் பதில் வராது என்று நானாக முடிவு செய்திருந்தேன். இதை எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கூட்டத்தில் முடிவு மாறவில்லை. ஜூன் மாதம் பட்டியல் தயாரானது, பத்தாம் வகுப்பும் ஏ, பி, சி, டி என்றுதான் பிரிந்தது. பையனுக்கு அந்த ஒரு மதிப்பெண்ணைப் போட்டேனா என்று கேட்பீர்கள். போட்டேன். மதிப்பெண் பதிவேட்டில் திருத்திக் கையெழுத்தும் வைத்தேன். அவனுடைய தாளில் சிவப்புச் சுழிக்குப் பக்கத்தில், கண்ணால் பார்க்கும் அளவில் சரி என்று எழுதினேன். அதைவிட, அதற்கப்புறம் நான் தயாரிக்கும் எந்த வினாத்தாளிலும் அந்தக் கேள்வி பழைய மாதிரி வருவதில்லை.

ஆய்வக வகுப்பு நடந்த அந்த வாரம் இன்னும் இரண்டு நாள் மிச்சமிருந்தது. அந்தப் பெண் மறுநாள் சாயங்காலக் கறவையில் இரண்டு சின்ன பாட்டிலில் பால் பிடித்து, ராத்திரி குளிர்ந்த தண்ணீரில் வைத்து, காலையில் கொண்டுவந்தாள். ஒன்றில் மடியில் முதலில் பீச்சியது, ஒன்றில் கடைசியாக ஒட்டக் கறந்தது. இரண்டையும் மெதுவாகக் கலக்கி, ஒவ்வொரு சோதனைக்குழாயில் ஒரே உயரத்துக்கு ஊற்றினோம். மூன்றாவது குழாயில் பாக்கெட் பால். மூன்றையும் தாங்கியில் நிறுத்தி, ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் வைத்துவிட்டுப் போய், மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தோம். பாக்கெட் பால் மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக நின்றது. முதல் பாலின் தலையில் நூலிழை போல ஒரு மஞ்சள் வளையம். கடைசிப் பாலில் அந்த வளையம் கட்டைவிரல் நகம் அளவுக்கு இறங்கியிருந்தது. பையன் தன் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்துக் குழாயோடு ஒட்டிப் பிடித்து, தலையைச் சாய்த்து, மில்லிமீட்டர் கணக்கைச் சத்தமாகச் சொன்னான். அவள் நோட்டில் எழுதிக்கொண்டே, "பாட்டம்ல இருந்து பாருடா, ஏடு எங்க ஆரம்பிக்குதுன்னு சரியாப் பாரு" என்று அதட்டினாள். ஏ செக்‌ஷன் பையன்கள் நாலைந்து பேர் அவர்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது. ஒருவரும் கிளம்பவில்லை.